பெர்லினுக்குக் குடிபெயரும் முன் ஒரு வாரம் போய்ப் பார்த்து வருவது எப்படி?

பெர்லின் நிறுவனம் ஒன்றிலிருந்து வேலைக்கான கடிதம் வந்துவிட்டது. ஆனால் சென்னையிலோ கோவையிலோ பார்க்கும் வேலையை இன்னும் விடவில்லை, வீட்டைக் காலி செய்யவில்லை, பிள்ளையின் பள்ளியில் மாற்றுச் சான்றிதழ் கேட்கவில்லை என்ற நிலையில் இருக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் என் மனைவியும் இந்தப் பயணத்துக்கு ஆயத்தமானபோது தேவையான தகவல் ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் கிடந்தது; பாதிக்கு மேல் ஜெர்மன் மொழியில் இருந்தது. அலைந்து திரட்டியதை, செய்ய வேண்டிய வரிசையிலேயே கீழே தந்திருக்கிறேன்.

தொடங்கும் முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த ஒரு வாரத்தில் வீட்டு ஒப்பந்தம் போடவோ, வங்கிக் கணக்குத் திறக்கவோ, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவோ முயல வேண்டாம். அவை எல்லாவற்றுக்கும் அங்கே பதிவு செய்யப்பட்ட முகவரியோ, வசிப்பு அனுமதியோ, அங்கு வாங்கிய சம்பளச் சீட்டோ தேவைப்படும்; பயணியிடம் அவை இருக்காது. எந்தப் பகுதியில் குடியிருப்பது, முதல் மூன்று மாதம் எங்கே தங்குவது, உண்மையில் போகத்தான் வேண்டுமா என்ற மூன்று கேள்விகளுக்கு விடை கிடைத்தால் பயணச் செலவு வீணாகவில்லை என்று கொள்ளலாம்.

1. காலத்தைத் தேர்ந்தெடுங்கள்

வேலைக்கான நீண்டகால விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இந்தப் பயணத்தை முடித்துவிடுங்கள். நீண்டகால விசா பரிசீலனையின்போது கடவுச்சீட்டு பெரும்பாலும் துணைத் தூதரகத்தின் வசம் இருக்கும். அது திரும்பி வரும்வரை வேறு எங்கும் நகர முடியாது. பணியில் சேரும் நாள் நெருங்குகிறதென்று இரண்டையும் ஒன்றாகத் தொடங்கியவர்கள், பார்வைப் பயணத்தையே கைவிட நேர்ந்திருக்கிறது.

அடுத்தது பருவம். ஜூன் மாதத்தில் பெர்லினில் இரவு ஒன்பதரை மணிவரை வெளிச்சம் இருக்கும், பூங்காக்களில் மக்கள் நிறைந்திருப்பார்கள், எந்தப் பகுதியும் அழகாகத் தெரியும். டிசம்பரில் காலை எட்டேகாலுக்குத்தான் சூரியன் உதிக்கும். மாலை நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடும். ஆண்டின் கணிசமான பகுதியை இந்த இருட்டிலும் குளிரிலும்தான் கழிக்கப் போகிறீர்கள் என்பதால், நவம்பர் பிற்பாதியில் போவதே சரியென்பது என் கருத்து. அந்த மாதத்தில் பொறுத்துக்கொள்ள முடிந்த ஊரை எந்த மாதத்திலும் பொறுத்துக்கொள்ளலாம்.

பள்ளி விடுமுறைக் காலத்தைத் தவிருங்கள். ஜெர்மனியில் விடுமுறைகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். பெர்லினில் கோடையில் ஆறு வாரம், அக்டோபரிலும் ஈஸ்டரையும் கிறிஸ்துமஸையும் ஒட்டியும் ஏறத்தாழ இரண்டிரண்டு வாரம், பிப்ரவரி தொடக்கத்தில் ஒரு வாரம் விடுமுறை வரும். அந்நாட்களில் பள்ளி அலுவலகத்தில் ஆள் இருக்க மாட்டார்கள். ரயிலில் நெரிசலும் இருக்காது. ஆக, நீங்கள் காண்பது உண்மையான நிலவரமாக இராது. மார்ச் 8 மகளிர் நாள் 2019 முதல் பெர்லினில் பொது விடுமுறை. ஜெர்மனியின் பெரும்பாலான மாநிலங்களில் அப்படி இல்லை என்பதால் பலருக்குத் தெரிவதில்லை. பிப்ரவரியில் திரைப்பட விழா, மார்ச்சில் சுற்றுலாக் கண்காட்சி, செப்டம்பரில் மின்னணுக் கண்காட்சியும் மாரத்தானும் நடக்கும் வாரங்களில் விடுதிக் கட்டணம் தாறுமாறாக ஏறும்.

2. குறுகியகால விசா எடுங்கள்

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. பயணத் தேதிக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 15 நாட்களுக்கு முன்பாவது விண்ணப்பித்திருக்க வேண்டும். முடிவு தெரிய வழக்கமாக 15 நாள் ஆகும், 45 நாள்வரை நீளவும் விதி இடம் தருகிறது. விண்ணப்பங்களைத் தூதரகத்தின் சார்பில் விஎஃப்எஸ் என்ற தனியார் நிறுவனத்தின் மையம் பெற்றுக்கொள்ளும். கோடை விடுமுறைக்கு முந்தைய மாதங்களில் அங்கே நேரம் கிடைப்பதே பெரும்பாடு. நவம்பரில் பயணம் என்றால் ஆகஸ்டிலேயே நேரத்தைப் பதிவு செய்துவிடுங்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 11 வயதுவரை 45 யூரோ. 6 வயதுக்குக் கீழ் கட்டணம் இல்லை. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. மறுப்பை எதிர்த்துத் தூதரகத்திலேயே முறையிடும் வசதியை ஜெர்மனி 2025 ஜூலை 1 முதல் நிறுத்திவிட்டது. இனி புதிதாக விண்ணப்பிக்கலாம், அல்லது பெர்லினில் வழக்குத் தொடரலாம்; ஒரு வாரப் பயணத்துக்காக யாரும் வழக்குப் போட மாட்டார்கள். எனவே முதல் விண்ணப்பமே திருத்தமாக இருக்க வேண்டும்.

தேவையான ஆவணங்கள்: கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதும், திரும்பும் தேதிக்குப் பின் குறைந்தது மூன்று மாதம் செல்லத்தக்கதும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதுமான கடவுச்சீட்டு, 35க்கு 45 மில்லிமீட்டர் அளவில் புகைப்படங்கள், குறைந்தது 30,000 யூரோ வரை ஈடுசெய்யும், ஷெங்கன் நாடுகள் அனைத்திலும் செல்லுபடியாகும் மருத்துவக் காப்பீடு, அண்மைய மாதங்களின் வங்கிக் கணக்கு அறிக்கையும் சம்பளச் சீட்டுகளும், வருமான வரிக் கணக்கு, தற்போதைய நிறுவனம் அளிக்கும் விடுப்புக் கடிதம், தங்குமிட முன்பதிவு, நாள்வாரியான பயணத் திட்டம். விமானச் சீட்டுக்கு முன்பதிவு மட்டும் போதும். விசா வரும்முன் முழுப்பணம் கட்டி வாங்கிவிடாதீர்கள். பயணத்துக்குச் சில நாள் முன்பு கணக்கில் திடீரென்று விழுந்த பெருந்தொகை, இல்லாத பணத்தைவிட அதிகச் சந்தேகத்தைக் கிளப்பும்.

நோக்கத்தை என்னவென்று எழுதுவது என்பதில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். “சுற்றுலா என்று மட்டும் போடுங்கள், வேலைக் கடிதத்தைக் காட்டாதீர்கள்” என்று முகவர்கள் சொல்வார்கள். அந்த ஆலோசனையைக் கேட்காதீர்கள். அடுத்த சில மாதங்களில் அதே துணைத் தூதரகத்தில் நீண்டகால விசாவுக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள். இரண்டு கோப்புகளும் ஒன்றுக்கொன்று முரண்படக் கூடாது. முகப்புக் கடிதத்தில், இன்ன நிறுவனத்திலிருந்து வேலை வந்திருக்கிறது, ஏற்பதா என்று முடிவு செய்யும் முன் ஊரையும் பள்ளிகளையும் பார்க்க வருகிறோம், இன்ன தேதியில் திரும்பி இன்ன நாளில் பணிக்குச் செல்வோம், வேலை விசாவுக்கு இந்தியாவிலிருந்தே விண்ணப்பிப்போம் என்று ஒளிவுமறைவின்றி எழுதுங்கள். புதிய நிறுவனம் நேரில் சந்திக்க அழைப்புக் கடிதம் தந்தால், தொழில்முறைப் பயணமாகவே விண்ணப்பிக்கலாம். அதுவே வலுவான வழி. அங்கே வசிக்கும் உறவினர் செலவுக்குப் பொறுப்பேற்பதாக இருந்தால், அவர் அங்குள்ள குடிவரவு அலுவலகத்தில் உறுதிப் பத்திரம் எழுதித் தர வேண்டும். அதற்குக் கட்டணம் 29 யூரோ.

விசா கைக்கு வந்ததும் தேதிகளை மட்டும் பார்த்துவிட்டு மடித்து வைக்காதீர்கள். செல்லுபடியாகும் காலம் வேறு, தங்க அனுமதிக்கப்பட்ட நாட்கள் வேறு. பின்னதே உங்களைக் கட்டுப்படுத்தும் எண். அதில் இறங்கும் நாளும் புறப்படும் நாளும் முழு நாட்களாகவே எண்ணப்படும். இரவு 11 மணிக்கு இறங்கினாலும் ஒரு நாள் கழிந்துவிடும்.

3. விமானமும் எல்லைச் சோதனையும்

சென்னையிலிருந்து பெர்லினுக்கு நேரடி விமானம் இல்லை. ஃபிராங்க்ஃபர்ட் வழியாகப் போனால் ஷெங்கன் எல்லைச் சோதனை அங்கேயே நடக்கும். 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக வந்திருக்கும் புதிய பதிவு முறையில், முதன்முறை நுழைபவர்களின் முகப்படம் எல்லையில் எடுக்கப்படுகிறது, வரிசை நீளும். அடுத்த விமானத்துக்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி வைத்துக்கொள்ளுங்கள். விசாவுக்குக் கொடுத்த ஆவணங்களின் நகல்களைக் கைப்பையிலேயே வைத்திருங்கள். எல்லை அதிகாரி கேட்கக்கூடும்.

4. நகரத்துக்குள் போக்குவரத்து

பெர்லின் போக்குவரத்து ஏ, பி, சி என்று மூன்று வளையங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. விமான நிலையம் சி வளையத்தில் இருக்கிறது. ஏ, பி வளையங்களுக்கான சீட்டோடு விமான நிலைய ரயிலில் ஏறியவர், காசு கொடுத்திருந்தும் சீட்டில்லாப் பயணிதான். அபராதம் 60 யூரோ. இயந்திரத்தில் வாங்கும் காகிதச் சீட்டை நடைமேடையில் இருக்கும் சிறு பெட்டியில் செருகி முத்திரை இட்ட பிறகே அது செல்லும். பரிசோதகர்கள் சாதாரண உடையில் வருவார்கள்; “ஊருக்குப் புதிது” என்பதைக் காரணமாக ஏற்க மாட்டார்கள்.

நாடு முழுவதும் செல்லும் மாதச் சீட்டான டாய்ச்லான்ட்-டிக்கெட், 2026 ஜனவரி முதல் 63 யூரோ. விலை கவர்ச்சியாகத் தெரிந்தாலும் அது தானாகவே புதுப்பிக்கப்படும் சந்தா. மாதத்தின் 10ஆம் தேதிக்குள் நீக்காவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் போகும். ஒரு வாரத்துக்கு ஏழு நாள் சீட்டே போதும்.

5. பகுதிகளைப் பாருங்கள், அதுவும் வாரநாள் காலையில்

இந்தப் பயணத்தின் மையமே இதுதான். சுற்றுலாத் தலங்களை ஒதுக்கிவிட்டு, போகும் முன்பே மூன்று பகுதிகளை மட்டும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். நகரைச் சுற்றி ஓடும் வட்ட ரயில் பாதைக்கு உள்ளே இருக்கும் கிராய்ட்ஸ்பெர்க், பிரென்ட்ஸ்லாவர் பெர்க் போன்றவை எல்லாருக்கும் பிடித்தவை. புதிதாக வருபவருக்கு அங்கே வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. வட்டத்துக்கு வெளியே ஸ்பாண்டவ், ஷ்டெக்லிட்ஸ், பிரிட்ஸ், ரூடோ, லிச்டென்பெர்க், கார்ல்ஸ்ஹோர்ஸ்ட் ஆகியவற்றில், அலுவலகம் எந்தத் திசையில் இருக்கிறதோ அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள். அலுவலகம் ஆட்லர்ஸ்ஹோஃப் தொழில்நுட்பப் பூங்காவில் என்றால் ஸ்பாண்டவ் வீட்டைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். நகரின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக வேண்டியிருக்கும். ரூடோவிலிருந்து ஸ்பாண்டவ் வரை ஓடும் யு7 சுரங்க ரயிலில் மட்டும் 40 நிலையங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம்.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு வாரநாளை ஒதுக்கி, காலை ஏழரைக்கே அங்கே போய்விடுங்கள். அங்கிருந்து அலுவலகம்வரை உண்மையாகவே பயணம் செய்து, படிகளையும் மாறும் நிலையங்களையும் சேர்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தை வண்டி தேவைப்படும் குடும்பமானால், நிலையத்தில் மின்தூக்கி இருக்கிறதா, அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். இருப்பதும் இயங்குவதும் வேறு வேறு. மாலை ஆறு மணிக்கு, இருட்டிய பிறகு, அதே தெருவில் மறுபடி நடந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒன்றையும் பயணத்துக்குள் வரும்படி வையுங்கள்: கடைகள் அடைத்திருக்கும், தெரு அடங்கியிருக்கும். அந்த அமைதி சிலருக்கு நிம்மதி, சிலருக்குத் தாங்க முடியாத தனிமை. நீங்கள் எந்த ரகம் என்பது அங்கே உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும். இதற்காகவே கணவன் மனைவி இருவரும் சேர்ந்து போக வேண்டும் என்பேன். வேலைக்குப் போகிறவருக்கு அலுவலகம் இருக்கும். முதல் ஆண்டு முழுவதும் அந்தத் தெருவோடு வாழப்போகிறவர் மற்றவர்தான்.

பிரிட்ஸில் பிளாஷ்கோ சாலையில் ஈழத்தமிழர்கள் கட்டிய மயூரபதி முருகன் கோயில் இருக்கிறது. யு7 ரயிலிலேயே போகலாம். வழிபாட்டுக்கு மட்டுமல்ல, பூசை முடிந்து பேசக் கிடைப்பவர்களுக்காகவும் ஒரு முறை போய் வாருங்கள். பல பத்தாண்டுகளாக இந்த ஊரில் பிள்ளைகளை வளர்த்தவர்கள் அங்கே வருகிறார்கள். எந்தப் பகுதியில் குழந்தை மருத்துவர் புதிய நோயாளிகளை ஏற்கிறார் என்பது போன்ற செய்தி அவர்களிடமிருந்தே கிடைக்கும்.

6. வாடகை வீட்டை விலை அறிவதற்காக மட்டும் பாருங்கள்

ஓரிரு வீடுகளைப் பார்ப்பது நல்லது. எதையும் பிடித்துவிடலாம் என்று போகாதீர்கள். நேரம் கொடுத்திருக்கும் வீட்டின் படிக்கட்டில் பலர் ஆளுக்கொரு கோப்போடு நிற்பார்கள். அந்தக் கோப்பில் மூன்று மாதச் சம்பளச் சீட்டு, ஷூஃபா எனப்படும் கடன் நாணயச் சான்று, முந்தைய வீட்டுக்காரரிடம் வாடகைப் பாக்கி இல்லை என்ற கடிதம் ஆகியவை இருக்கும்.

விளம்பரங்களைப் படிக்க இவற்றைத் தெரிந்துகொள்ளுங்கள். ‘மூன்று அறை’ என்பதில் கூடமும் ஓர் அறையாகச் சேரும். சமையலறையும் குளியலறையும் கணக்கில் வராது. நம் ஊர் வழக்கில் அது இரண்டு படுக்கையறை வீடு. ‘கால்ட்மீத்த’ என்பது வெறும் வாடகை. பராமரிப்பு, வெந்நீர், சூடேற்றல் ஆகியவற்றைச் சேர்த்தது ‘வார்ம்மீத்த’. மின்சாரமும் இணையமும் அதற்கும் வெளியே. முன்பணம் சட்டப்படி மூன்று மாத வெறும் வாடகைக்கு மேல் போகக் கூடாது. அதை மூன்று மாதத் தவணைகளாகக் கட்டும் உரிமையும் உண்டு. வெறும் வாடகை 1,100 யூரோ என்றால் முன்பணம் அதிகபட்சம் 3,300 யூரோ. பல வீடுகளில் சமையலறை என்ற இடத்தில் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் மட்டுமே இருக்கும். அடுப்பு, தொட்டி, அலமாரி எல்லாம் நீங்கள் வாங்க வேண்டும், அல்லது போகிறவரிடம் விலை பேசி எடுத்துக்கொள்ள வேண்டும். தரைத்தளத்துக்கு மேலிருந்துதான் மாடி எண்ணப்படும். மின்தூக்கி இல்லாத பழைய கட்டடத்தில் நான்காம் மாடி என்றால், ஊரிலிருந்து வரப்போகும் பெற்றோரின் முழங்காலையும் நினைத்துப் பாருங்கள்.

நேரத்தை வீணாக்கும் விளம்பரங்கள் இரண்டு வகை. ‘வேபேஎஸ்’ கேட்பவை, குறைந்த வருமானத்துக்கான நகராட்சிச் சான்று உள்ளவர்களுக்கு மட்டுமானவை. ‘டவுஷ்’ என்று தொடங்குபவை, தங்கள் வீட்டுக்கு மாற்றாக உங்கள் பெர்லின் வீட்டைக் கேட்பவை. மூன்றாவது வகை ஆபத்தானது: நல்ல பகுதியில் குறைந்த வாடகை, உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், முன்பணம் அனுப்பினால் சாவி தபாலில் வரும் என்பார்கள். உள்ளே நின்று பார்க்காத வீட்டுக்கு ஒரு யூரோகூட அனுப்பாதீர்கள்.

7. பள்ளியும் மழலையர் காப்பகமும்

பெர்லினில் அரசுத் தொடக்கப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை. அது ஆறாம் வகுப்புவரை. செப்டம்பர் 30க்குள் ஆறு வயது நிறையும் பிள்ளை அந்த ஆண்டே பள்ளிக்குப் போக வேண்டும். வீட்டிலேயே வைத்துப் படிப்பிக்கச் சட்டத்தில் இடமில்லை. எந்தப் பள்ளி என்பதை முகவரி தீர்மானிக்கிறது. ஒவ்வொரு தெருவும் ஒரு பள்ளியின் எல்லைக்குள் வரும். பள்ளியைப் பிடித்துவிட்டுப் பிறகு வீடு தேடும் நம் ஊர்ப் பழக்கம் அங்கே பலிக்காது. ஆகவே, நீங்கள் தேர்ந்தெடுத்த பகுதியில் உள்ள பள்ளிகளுக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் அனுப்பி நேரம் கேளுங்கள். ஜெர்மன் தெரியாத பிள்ளைகளுக்கான வரவேற்பு வகுப்பு அந்தப் பள்ளியில் உண்டா, இல்லையென்றால் எங்கே அனுப்புவார்கள் என்பதே கேட்க வேண்டிய முதற்கேள்வி.

பள்ளி வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குக் ‘கீட்டா’ எனப்படும் மழலையர் காப்பகம். அடிப்படைக் கட்டணம் இல்லை; உணவுக்கு மாதம் 23 யூரோ. இளையோர் நல அலுவலகத்தின் அனுமதிச் சீட்டு குடியேறிய பிறகே கிடைக்கும். ஆனால் நேரில் போய்ப் பார்த்துப் பேசுவதற்குத் தடையில்லை.

8. முதல் மூன்று மாதத் தங்குமிடத்தை உறுதி செய்யுங்கள்

ஒரு வாரத்தில் கையோடு முடிக்கக்கூடிய காரியம் இது ஒன்றே. தட்டுமுட்டுச் சாமான்களுடன் மாத வாடகைக்கு விடப்படும் வீடுகளில் இரண்டு மூன்றை நேரில் பாருங்கள். குடியேறிய 14 நாட்களுக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிப் படிவம் தேவை. அது இல்லாமல் வரி எண் இல்லை, சம்பளத்துக்கான வங்கிக் கணக்கு திறப்பதும் பாடாகிவிடும். “பதிவு செய்ய விடுவீர்களா?” என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். வாய்மொழியாக “பார்க்கலாம்” என்றால் இல்லை என்றே பொருள்.

கீழே இறங்கியதும் வாசல் மணிப் பலகையையும் தபால் பெட்டிகளையும் பாருங்கள். ஜெர்மனியில் பெரும்பாலும் கதவு எண் இருக்காது. குடும்பப் பெயர்தான் இருக்கும். பெட்டியில் உங்கள் பெயர் இல்லையென்றால் வங்கி அட்டை, வரி எண், காப்பீட்டு அட்டை எதையும் தபால்காரர் போட மாட்டார், அனுப்பியவருக்கே திரும்பிவிடும். குறுகியகால வாடகைக்கு விடும் சிலர் பெயர் ஒட்ட அனுமதிப்பதில்லை. ஒரே பெட்டியில் பல பெயர்கள் ஒட்டுத்தாளில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தால், அந்த வீட்டில் ஆட்கள் எவ்வளவு வேகமாக மாறுகிறார்கள் என்றும் புரிந்துகொள்ளலாம். உங்கள் கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் எது இருக்கிறதோ, அது அப்பாவின் பெயராகவே இருந்தாலும், அதைத்தான் பெட்டியில் ஒட்ட வேண்டும்.

9. செலவு

விசா, காப்பீடு, விமானம் தவிர, விடுதிக் கட்டணத்தின் மேல் பெர்லின் 7.5 விழுக்காடு வரி வசூலிக்கிறது. முன்பதிவுத் தளங்கள் சில அதைக் கடைசியில்தான் காட்டும். சமையல் வசதியுள்ள அறை எடுத்தால் சாப்பாட்டுச் செலவு குறைவதோடு, அங்குள்ள கடையில் அரிசி, பருப்பு, தயிர், காய்கறி என்ன விலை என்பதும் தெரிந்துவிடும். அந்த ரசீதுகளைத் தூக்கிப்போடாதீர்கள். வேலைக் கடிதத்தில் இருக்கும் ஆண்டுச் சம்பளத்தை ரூபாயில் பெருக்கிப் பார்க்காமல், வரியும் காப்பீடும் போகக் கைக்கு வருவதை எடுத்து, அதிலிருந்து வார்ம்மீத்த, மின்சாரம், பயணச் சீட்டு, வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ ஒலிபரப்புக் கட்டணம், இந்த ரசீதுகளின்படியான மளிகை ஆகியவற்றைக் கழியுங்கள். வாடகை, கைக்கு வருவதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் பெரும்பாலான வீட்டுக்காரர்களே உங்களைத் தேர்ந்தெடுக்கத் தயங்குவார்கள். சம்பளத்தை உயர்த்திக் கேட்பதானால், ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு கேளுங்கள். பல நிறுவனங்கள் குடிபெயர்வுச் செலவுக்குத் தனித் தொகை ஒதுக்குகின்றன. பார்வைப் பயணம் அதில் அடங்குமா என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

10. திரும்பிய வாரத்திலேயே செய்ய வேண்டியவை

போவதென்று முடிவானால் நீண்டகால விசா விண்ணப்பத்தைத் தாமதிக்காமல் தொடங்குங்கள். 2025 தொடக்கத்திலிருந்து ஜெர்மன் வெளியுறவுத் துறையின் இணைய வாசலிலேயே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 75 யூரோ. உங்கள் பல்கலைக்கழகமும் பட்டமும், வெளிநாட்டுப் பட்டங்களை மதிப்பிடும் ‘அனபின்’ என்ற ஜெர்மன் தரவுத்தளத்தில் ஏற்கப்பட்டவையாக இருக்கின்றனவா என்று தேடி, அந்தப் பக்கத்தை அச்சிட்டு வையுங்கள். அதில் இல்லையென்றால் பட்ட ஒப்பீட்டுச் சான்றுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு 208 யூரோ ஆகும், நாளும் பிடிக்கும். பிறப்பு, திருமணச் சான்றிதழ்களில் பெயர்களின் எழுத்துக்கூட்டல் கடவுச்சீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். முன்னெழுத்து ஓரிடத்திலும் முழுப்பெயர் இன்னோரிடத்திலும் இருந்தால் இந்தியாவிலேயே திருத்திக்கொள்வது எளிது. 2020 மார்ச் முதல் ஜெர்மனியில் கீட்டாவிலும் பள்ளியிலும் சேரத் தட்டம்மைத் தடுப்பூசிச் சான்று கட்டாயம். பிள்ளைக்கு இரண்டு தவணையும் போட்ட தேதிகள் மருத்துவரின் கையெழுத்தோடும் முத்திரையோடும் தடுப்பூசி அட்டையில் இருக்கின்றனவா என்று பார்த்து, விடுபட்டிருந்தால் புறப்படும் முன் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.